பட்டையை எடுக்கச் சொன்னவர்

ரிப்போர்ட் அண்ணனுக்கு வலது கை நடுங்கும். பெரிய நடுக்கம் ஒன்றும் இல்லை. டம்ளரில் தண்ணீர் தளும்பும், சட்டைப் பொத்தான் போட நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். இந்த விஷயம் அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரியும். அவர் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முன்பு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற ஒருவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. லேப் மேடம் அவருக்கு ஒரு சால்வை போர்த்தி, இரண்டு நல்ல வார்த்தை சொல்லி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர் ஊசி குத்துகிறவர், நான் கணினியில் ரிப்போர்ட் அடிக்கிறவன்தானே என்று அண்ணன் அடிக்கடி தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். மேடத்திடம் சொல்லிப் பார்க்கிற தைரியம் மட்டும் அவருக்கு வரவில்லை.

அவருடைய வேலை இதுதான். பக்கத்து அறையிலிருந்து டெக்னீஷியன் ஒவ்வொருவருடைய முடிவையும் உரக்கச் சொல்வார். அண்ணன் கணினியில் பெயர்ப் பட்டியலை உருட்டி, அந்த ஆளின் பெயரைக் கண்டுபிடித்து, எதிரே எண்ணை அடிக்க வேண்டும். பெயர் மாறினால் ஒருவருடைய வியாதி இன்னொருவருக்குப் போய்விடும். பல வருஷமாக அப்படி ஒரு வியாதிகூட வீடு மாறிப் போனதில்லை. அதற்குக் காரணம் திரையின் வலது ஓரத்தில் இருந்த ஒரு பட்டை. ஸ்க்ரோல் பார் என்று அதற்கு ஒரு பேர் உண்டு. அண்ணன் அதை ஓரத்துப் பட்டை என்றுதான் சொல்வார். கட்டைவிரல் அகலத்துக்குத் தாட்டியாக இருக்கும். மவுஸால் பிடித்து இழுத்தால் பட்டியல் மேலும் கீழும் நகரும். நடுங்குகிற கைக்கு அது மாடிப்படிக் கைப்பிடி மாதிரி.

மவுஸில் ஒரு சக்கரம் இருக்கிறதே, அதைச் சுற்றினால் ஆகாதா என்று கேட்கலாம். அண்ணன் விரல் பட்டால் சக்கரமும் சேர்ந்து நடுங்கி, பட்டியல் மேலே ஓடிக் கீழே ஓடிக் கடைசியில் யாருமே இல்லாத இடத்தில் போய் நிற்கும். அம்புக்குறி விசைகளை அந்த லேப் மென்பொருள் மதிப்பதே இல்லை. இடது கையாலும் முயன்று பார்த்தார். அது நடுங்கவில்லை, ஆனால் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. ஆக, பட்டையே கதி.

அந்தக் கணினி 'முற்றம்' என்கிற மென்பொருளில் ஓடியது. முற்றம் என்று பேரே தவிர, அதில் வருஷத்துக்கு வருஷம் நிற்கிற இடம் குறைந்துகொண்டே வந்தது. முற்றம் நிறுவனத்தார் அதை இன்னும் அழகாக்கிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் அகராதியில் அழகாக்குவது என்றால், இருந்ததை எடுப்பது. முதலில் பொத்தான்கள் மேல் இருந்த எழுத்தை எடுத்தார்கள். பிறகு பொத்தான்களைச் சுற்றி இருந்த கோட்டை எடுத்தார்கள். எது பொத்தான், எது வெறும் சுவர் என்று தெரியவில்லையே என்று ஜனங்கள் புலம்பியபோது, புலம்புகிற பக்கத்தை எடுத்துவிட்டு 'உங்கள் மகிழ்ச்சியைப் பகிருங்கள்' என்று ஒரு பக்கம் வைத்தார்கள்.

ஒரு காலையில் அண்ணன் கணினியைப் போட்டதும், 'நீங்கள் கேட்டவை வந்துவிட்டன!' என்று திரை வாழ்த்தியது. அண்ணனுக்கு எதையும் கேட்டதாக ஞாபகம் இல்லை. பட்டியலைத் திறந்தார். ஓரத்துப் பட்டை நூலாக மெலிந்திருந்தது. மெலிந்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை, அதற்குக் கூச்ச சுபாவம் வேறு கொடுத்திருந்தார்கள். மவுஸ் பக்கத்தில் போனால் மறைந்துகொள்ளும். விலகினால் மெல்ல எட்டிப் பார்க்கும்.

"காவலாளி, சுகர் முந்நூத்திப் பத்து!" என்று உள்ளேயிருந்து டெக்னீஷியன் குரல் கொடுத்தார். அண்ணன் பட்டையைத் துரத்திப் பிடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு எண்ணை அடித்தார். ரிப்போர்ட் அச்சாகி, உறைக்குள் போய், ஜன்னல் வழியாக வெளியே போன பிறகுதான் பார்த்தார். முந்நூற்றுப் பத்து, காவலாளிக்கு அடுத்த வரியில் இருந்த ஓட்டப்பந்தயக்காரிப் பெண்ணுக்குப் போயிருந்தது. எழுந்து ஓடினார். அந்தப் பெண் ஓட்டப்பந்தயக்காரி என்பதால் தெருமுனை வரை ஓட வேண்டியிருந்தது.

"என்ன ஆச்சு அங்கிள்?"

"ஒண்ணுமில்லம்மா, உறை சரியா ஒட்டல."

உறையைப் பிடுங்கிக்கொண்டு வந்து, இருவருக்கும் புது ரிப்போர்ட் அடித்துக் கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டில் மனைவி பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். அவர் கணக்கு டீச்சர். சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமலே நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க, பொத்தானெல்லாம் ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டுட்டு வந்திருக்கீங்க? என்ன நடந்துச்சு?"

அண்ணன் நடந்ததைச் சொன்னார். இன்னொரு தடவை இப்படி ஆனால் மேடத்துக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் தனக்கும் சால்வைதான் என்றும் சொன்னார். டீச்சர் பேனாவை மூடி வைத்தார்.

"நாம சொன்னாத்தானே அவங்களுக்குத் தெரியும்? எழுதிப் போடுங்க. அவங்களும் மனுஷங்கதானே."

இருவரும் உட்கார்ந்து 'உங்கள் மகிழ்ச்சியைப் பகிருங்கள்' பக்கத்தைத் திறந்தார்கள். முதலில் தங்கள் மனநிலையைக் குறிக்க வேண்டும். வரிசையாகச் சிரித்த முகங்கள். மகிழ்ச்சி, மிகுந்த மகிழ்ச்சி, அளவில்லாத மகிழ்ச்சி. ஓரமாக, உதட்டை லேசாகத் தூக்கிய ஒரு முகத்துக்குக் கீழே 'இப்போதுதான் மகிழத் தொடங்கியிருக்கிறேன்' என்று போட்டிருந்தது. அழுத முகம் எங்கேயும் இல்லை. அண்ணன் அந்த ஓரத்து முகத்தைத் தேர்ந்தெடுத்தார். அடுத்து வகை. பாராட்டு, பெரும் பாராட்டு, பாராட்ட மறந்தவை என்று மூன்று இருந்தன. மூன்றாவதில் போய் எழுதினார்: 'ஓரத்துப் பட்டை மெலிந்துவிட்டது. கை நடுங்குகிறவர்களால் பிடிக்க முடியவில்லை. தயவுசெய்து பழையபடி தடிமனாக்கவும்.'

"கை நடுங்குறதை எல்லாம் எழுதாதீங்க. மேடம் கண்ணுல பட்டா?" என்றார் டீச்சர்.

அதுவும் சரிதான். 'கை நடுங்குகிறவர்களால்' என்பதை அழித்துவிட்டு 'சிலரால்' என்று போட்டு அனுப்பினார்.

யாருடைய கருத்தாவது பிடித்திருந்தால் மற்றவர்கள் ஆதரவு தரலாம் என்று அங்கே ஒரு ஏற்பாடு இருந்தது. முதலில் டீச்சர் தன் ஆதரவைப் போட்டார். பிறகு யாரோ ஒரு கண் டாக்டர் போட்டார். அப்புறம் பல நாள் யாருமே எட்டிப் பார்க்கவில்லை. அண்ணன் லேபில் தினமும் நூலைத் துரத்திக்கொண்டிருந்தார். அடித்ததை மூன்று தடவை சரிபார்த்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து போவதை நிறுத்திவிட்டார். "அண்ணனுக்கு என்னா பொறுப்பு பாருங்க!" என்று மேடம் மற்றவர்களிடம் எடுத்துக்காட்டாகச் சொன்னபோது அண்ணனுக்கு அழுகை வந்தது.

திடீரென்று ஒருநாள் ஆதரவு ஆயிரக்கணக்கில் ஏறியது. மறுநாள் அது பத்து மடங்கானது. அண்ணனுக்குத் தரையில் கால் பாவவில்லை. உலகத்தில் இத்தனை பேருக்குக் கை நடுங்குகிறதா என்று ஒரு பக்கம் பாவமாகவும், தனியாக இல்லை என்று ஒரு பக்கம் தெம்பாகவும் இருந்தது. டீச்சர் அன்றைக்குத் திருத்திய பேப்பரில் எல்லோருக்கும் ஒரு மார்க் கூடப் போட்டார். பழக்கதோஷத்தில் அந்தக் கூட்டலையும் சரிபார்த்துவிடலாம் என்று பக்கத்தைக் கீழே இறக்கிப் பார்த்தவர் அவர்தான்.

"என்னங்க, இங்க வாங்க. உங்க கருத்தோட வேற ஒரு கருத்தை இணைச்சிருக்காங்க."

'பட்டையை அறவே எடுத்துத் தொலையுங்கள், படம் பார்க்கும்போது கண்ணை உறுத்துகிறது' என்று எவனோ எழுதியிருந்தான். ஆயிரக்கணக்கான ஆதரவு அவனுடையது. இரண்டையும் ஒன்றாக்கி, 'ஓரத்துப் பட்டை சம்பந்தமாக நடவடிக்கை தேவை' என்று பொதுவாக ஒரு தலைப்புக் கொடுத்து, முதலில் எழுதியவர் என்ற முறையில் அண்ணனைத் தலைமைக் கோரிக்கையாளர் ஆக்கியிருந்தார்கள்.

"வேணும்னு சொன்னவங்களையும் வேண்டாம்னு சொன்னவங்களையும் ஒண்ணா சேர்த்துக் கூட்டியிருக்கான்! என் கிளாஸ்ல இப்படிக் கூட்டினா பெஞ்ச் மேல ஏத்தியிருப்பேன்" என்றார் டீச்சர்.

அண்ணன் முற்றம் நிறுவனத்துக்குப் போன் போட்டார். இசையெல்லாம் கேட்டு முடித்த பிறகு இணைப்பு அதிகாரி என்று ஒருவர் கிடைத்தார்.

"சார், நான் பட்டை தடிமனா வேணும்னு எழுதினேன். அவங்க பட்டையே வேண்டாம்னு எழுதியிருக்காங்க. ரெண்டையும் ஏன் சார் சேர்த்தீங்க?"

"ரெண்டும் பட்டையைப் பத்தினதுதானே?"

"ஆமா, ஆனா..."

"அப்போ ஒரே கருத்துதான். பாருங்க சார், நாங்க பயனர்கள்கிட்ட ஒற்றுமையைத்தான் பார்க்கிறோம். வேற்றுமையைப் பார்க்க எங்ககிட்ட ஆள் இல்ல."

"தயவுபண்ணி பிரிச்சு விட்டுடுங்க சார்."

"எனக்கு இணைக்கிற அதிகாரம்தான் சார் உண்டு. பிரிக்கிற அதிகாரின்னு ஒருத்தர் இருந்தார். அவர் பதவியை என் பதவியோட இணைச்சுட்டாங்க."

"அப்போ நீங்களே பிரிக்கலாமே?"

"பதவியைத்தான் இணைச்சாங்க. வேலையை இணைக்கல."

"சரி, என் கருத்தை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

"இத்தனை ஆயிரம் பேர் உங்க பின்னாடி நிக்கிறப்ப நீங்க இப்படி ஓடலாமா சார்? பயனர் பெருவிழாவுக்கு உங்களைத்தான் சிறப்பு விருந்தினரா கூப்பிடப் போறோம். எதுவா இருந்தாலும் நேர்ல வந்து சொல்லுங்க."

நேரில் சொல்லலாம் என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் கிளம்பினார். லேப் மேடம் சந்தோஷமாக லீவு கொடுத்தார். "நம்ம லேப் பேரையும் ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. நாங்க எல்லாரும் திரையில பார்த்துக்கிட்டிருப்போம்" என்றார்.

முற்றம் நிறுவனத்தின் கட்டடம் முழுக்கக் கண்ணாடி. கதவு எங்கே என்று தெரியவில்லை. நாலைந்து பேர் கண்ணாடிச் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார்கள். அண்ணனும் தடவினார். வரவேற்புப் பெண் உள்ளேயிருந்தபடியே ஒரு துளை வழியாக விளக்கினார்.

"அழகுக்காகக் கதவுல கைப்பிடியை எடுத்துட்டோம் சார்."

"அப்போ உள்ள எப்படிம்மா வர்றது?"

"யாராவது வெளிய வரும்போது வந்துடுங்க சார்."

உள்ளே ஒருவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெளியே இருந்து யாராவது உள்ளே வரமாட்டார்களா என்று காத்திருந்தார். இருவரும் கண்ணாடியின் இரண்டு பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டார்கள். பிறகு சாப்பாடு கொண்டுவந்த ஒருவர், பழக்கப்பட்ட கையால் ஓரிடத்தில் முட்டித் திறந்தார்.

அண்ணனை மகிழ்ச்சி இயக்குநர் என்பவரிடம் கூட்டிப்போனார்கள். அவர் தன் அறையில் நின்றுகொண்டிருந்தார். அங்கே நாற்காலி இல்லை, மேசை இல்லை. மூலையில் வெறுமை ஆலோசகர் என்பவர் நின்று, அறையில் இன்னும் எதை எடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை அண்ணன் மேல் கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

இனி மறைத்துப் பயனில்லை என்று அண்ணன் முடிவுசெய்தார். மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லாததை அந்த வெற்று அறையில் சொன்னார்.

"சார், எனக்குக் கை நடுங்கும். அந்தப் பட்டையைப் பிடிச்சுத்தான் வேலை பார்த்தேன். அது மெலிஞ்சதிலேர்ந்து தினமும் செத்துப் பிழைக்கிறேன். அதைப் பழையபடி ஆக்கிடுங்க சார். இல்லேன்னா என் வேலை போயிடும்."

மகிழ்ச்சி இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஒரு பட்டை ஒரு மனுஷனை இவ்வளவு கொடுமைப்படுத்தியிருக்கே! கவலைப்படாதீங்க. இனிமே அந்தப் பட்டை உங்க கண்ணுலயே படாது."

"ஐயோ சார், அது இல்ல..."

"நன்றியெல்லாம் மேடையில சொல்லிக்கலாம்" என்றார் இயக்குநர். வெறுமை ஆலோசகர் அண்ணனை அறையிலிருந்து எடுத்தார்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. இயக்குநர் மேடை ஏறினார்.

"நண்பர்களே! ஒரு காலத்தில் நமது பயனர்கள் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்று ஒருவர்கூடக் குறை சொல்வதில்லை. குறை சொல்லும் வசதியை நாம் எடுத்த நாளிலிருந்து இந்த முன்னேற்றத்தைக் காண்கிறோம். பயனருக்கு என்ன தேவை என்பது பயனருக்குத் தெரியாது. ஆகவேதான் அவரிடம் கேட்கிறோம். அவர் சொன்னதும், அது அவருக்குத் தேவையில்லை என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது! இதோ, கேட்டவரே வந்திருக்கிறார்!"

கைத்தட்டலுக்கு நடுவில் அண்ணனை மைக் முன்னால் நிறுத்தினார்கள். அந்த மைக் ஒரு 'நன்றி' சொல்கிற நேரத்துக்கு மட்டும் உயிரோடு இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. "நான் பட்டையை..." என்பது வரை கேட்டது. மீதியைக் கூட்டமே முடித்துவைத்தது. "எடு! எடு!" என்று மண்டபம் அதிர்ந்தது. அண்ணன் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

பிறகு அவரை ஒரு கணினி முன்னால் உட்காரவைத்தார்கள். அந்த மண்டபத்தில் இருந்த ஒரே நாற்காலி அது. திரையில் பளிச்சென்று ஒரு வட்டம். அதை அழுத்தினால் பட்டை இல்லாத புதிய முற்றம் உலகமெங்கும் ஒரே நேரத்தில் வெளியாகும். அண்ணன் மவுஸின் மேல் கையை வைத்தார். அவர் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தார். அழுத்த மாட்டேன். என்ன ஆனாலும் சரி, யார் என்ன நினைத்தாலும் சரி, அழுத்த மாட்டேன். அவர் வாழ்க்கையில் அவ்வளவு உறுதியாக எதையும் நினைத்ததில்லை.

அவருடைய அம்புக்குறி மண்டபத்தின் பெரிய திரையில் தெரிந்தது. அது வட்டத்தின் மேல் படபடவென்று துடித்தது. கேமரா அவர் கையைக் கிட்டத்தில் காட்டியது. ஒவ்வொரு விரலும் தனித்தனியாக நடுங்குவதை ஊரே பார்த்தது. அண்ணன் கையை எடுத்துவிட நினைத்தார். எடுக்கிற அசைவிலேயே நடுக்கம் கூடியது. ஆள்காட்டி விரல் தானாக ஒருமுறை கீழே இறங்கியது.

வட்டம் பூவாகச் சிதறியது. கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

"உணர்ச்சிவசப்பட்டு எப்படி நடுங்குகிறது பாருங்கள், அவருடைய கை!" என்று இயக்குநர் தழுதழுத்தார்.

மறுநாள் அண்ணன் லேபுக்குப் போனபோது அவருடைய நாற்காலியில் டெக்னீஷியன் உட்கார்ந்திருந்தார். திரையில் பட்டியல் இருந்தது, ஓரத்தில் ஒன்றும் இல்லை. சுத்தமான வெள்ளை.

"சக்கரத்தைச் சுத்திச் சுத்தி, பட்டியல்ல எங்க நிக்கிறேன்னே தெரியல. எந்த மகராசன் கேட்டான் இதை?" என்று திட்டிக்கொண்டே நிமிர்ந்த டெக்னீஷியன், அண்ணனைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். திரையின் மூலையில் அண்ணனின் சிரித்த படம், 'இவர் விரும்பினார், நாங்கள் செய்தோம்' என்ற வாசகத்தோடு வந்து வந்து போனது.

மேடம் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். அண்ணன் டம்ளரைத் தொடவில்லை.

"கை எப்போலேர்ந்துண்ணே இப்படி?"

"ரெண்டு வருஷமா மேடம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அனுப்பிடுவீங்கன்னு..."

அப்படியெல்லாம் இல்லை என்று மேடம் சொல்வார் என்று அண்ணன் எதிர்பார்த்தார். மேடம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டப்பந்தயக்காரிப் பொண்ணு விஷயத்தை டெக்னீஷியன் சொல்லி இப்பத்தான் கேள்விப்பட்டேன். நாளையிலேர்ந்து ஜன்னல்ல நின்னு உறை குடுங்கண்ணே. அப்புறம் பார்ப்போம்."

அப்புறம் என்பது எது என்று அண்ணனுக்குத் தெரியும். மேடத்தின் மேசை ஓரத்தில், புதிதாக வாங்கிய ஒரு சால்வை பிரிக்காமல் இருந்தது.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அவர் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். 'உங்கள் மகிழ்ச்சியைப் பகிருங்கள்' பக்கத்தைத் திறந்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். 'எனக்குக் கை நடுங்கும். நான் பட்டையை எடுக்கச் சொல்லவே இல்லை. பட்டை வேண்டும். தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள்.' அனுப்பினார்.

பதில் உடனே வந்தது.

'உங்கள் கருத்து, பட்டை சம்பந்தமாக ஏற்கனவே உள்ள கருத்துடன் இணைக்கப்பட்டது. பட்டை நீக்கத்துக்கு ஆதரவு ஒன்று கூடியது. நன்றி. உங்கள் மனநிலையைக் குறிக்கவும்.'

கீழே முகங்கள் வந்தன. உதட்டை லேசாகத் தூக்கிய அந்த ஓரத்து முகத்தைப் புதிய பதிப்பில் எடுத்துவிட்டிருந்தார்கள். முழுதாகச் சிரிக்கிற மூன்று மட்டுமே பாக்கி. பக்கத்தை மூடிவிட்டு எழுந்துபோகலாம் என்று அண்ணன் பார்த்தார். மூடுகிற பொத்தானைக் காணவில்லை. அம்புக்குறியை மேலே கொண்டுபோனார், கீழே கொண்டுவந்தார், நாலு மூலையிலும் தேடினார். ஜன்னலில் யாரோ ரிப்போர்ட்டுக்காகத் தட்டினார்கள். "இதோ வர்றேன்" என்று திரும்பியபோது விரல் தானாக ஒருமுறை இறங்கியது.

'அளவில்லாத மகிழ்ச்சி' என்று பதிவானது.